ஆண் சூப்பர்ஹீரோவும் பெண் சூப்பர்ஹீரோவும் காமிக்ஸில் வரையப்படும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸைத் தொடர்ந்து படிப்பவர்கள், ஒரே படக்கட்டத்தில் அருகருகே நிற்கும் ஆணும் பெண்ணும் ஒரே ஓவியரின் கையால் வரையப்பட்டிருந்தாலும் வெவ்வேறு விதிகளுக்கு உட்பட்டிருப்பதை என்றாவது கவனித்துவிடுகிறார்கள். அப்படிக் கவனித்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மார்வெல், டிசி ஆகிய இரு பெரிய நிறுவனங்களின் இதழ்களிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன.

அடிப்படை வேறுபாடு எங்கே இருக்கிறது?

உடல் அளவில் இருக்கிறது என்றே பலரும் முதலில் நினைக்கிறார்கள். உருவம் வரையக் கற்பவர்கள் தலையின் உயரத்தை அலகாகக் கொண்டு முழு உடலையும் அளப்பது வழக்கம். அந்தக் கணக்கில் சராசரி மனிதர் ஏறத்தாழ ஏழரைத் தலை உயரம் இருப்பார். மார்வெல் பாணியில் வரையக் கற்றுத்தருவதற்காக ஸ்டான் லீயும் ஓவியர் ஜான் பஸ்செமாவும் 1978இல் வெளியிட்ட கையேடு, சூப்பர்ஹீரோவை எட்டே முக்கால் தலை உயரத்துக்கு நீட்டச் சொல்கிறது. பெண் உருவத்துக்கு வரும்போது அதே கையேடு, தசைகளை எடுத்துக்காட்ட வேண்டாம், மேனி வழவழப்பாகவும் மென்மையாகவும் தெரியட்டும் என்கிறது. லாரியைத் தூக்கி எறிபவள் என்று கதை சொல்லும் பெண்ணின் தோளிலும் கையிலும் அந்த வலிமைக்கான அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது என்பதே இதன் விளைவு.

ஆனால் அளவு இந்த வேறுபாட்டின் ஒரு பகுதி மட்டுமே. கோட்டின் தன்மை, நிற்கும் விதம், உடை, முகம், கட்டத்தின் விளிம்பு உடலை எந்த இடத்தில் வெட்டுகிறது என்பது ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விஷயம் பிடிபடுகிறது. ஆணின் உடல், அவன் என்ன செய்யப்போகிறான் என்பதை வாசகருக்குச் சொல்லும்படி வரையப்படுகிறது. பெண்ணின் உடலோ, அவள் என்ன செய்துகொண்டிருந்தாலும், பார்ப்பவர் கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்பதை முன்வைத்து வரையப்படுகிறது.

ஆண்களும் இயல்புக்கு மீறித்தானே வரையப்படுகிறார்கள்?

இந்த விவாதத்தில் தவறாமல் எழும் மறுப்பு இது; நியாயமான மறுப்பும்கூட. பேட்மேனின் மார்பும் தோரின் கையும் எந்த உடற்பயிற்சிக் கூடத்திலும் கிடைக்காதவை. மிகைப்படுத்துவதே இந்தக் கலையின் இயல்பு என்பதால், மிகைப்படுத்தியதற்காக எந்த ஓவியரையும் குற்றம் சொல்வதில் பொருளில்லை.

கேட்க வேண்டியது, அந்த மிகை யாருக்காக என்பதுதான். சூப்பர்மேனின் அகன்ற மார்பைப் பார்க்கும் பதின்மூன்று வயதுப் பையன் அவனை விரும்புவதில்லை. அவனைப் போல ஆக விரும்புகிறான். அதே பையனுக்காக வரையப்படும் நாயகியின் குறுகிய இடையும் நீண்ட காலும் அவளைப் போல ஆக ஆசைப்படுவதற்காக வரையப்பட்டவை அல்ல. இரண்டு மிகைகளும் ஒரே வாசகரைக் குறிவைக்கின்றன. ஆண் உடல் அவருக்கு ஆற்றலைப் பற்றிய கனவைத் தருகிறது, பெண் உடல் ஆசையைப் பற்றிய கனவைத் தருகிறது. அந்த இதழை ஒரு சிறுமி கையில் எடுத்தால் அவளுக்கென்று அங்கே எந்தக் கனவும் வரையப்பட்டிருப்பதில்லை என்பதைத்தான் விமர்சகர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள்.

இரண்டு மிகைகளும் எதிரெதிர்த் திசைகளில் செல்வதையும் கவனிக்க வேண்டும். ஆண் உடலில் சேர்த்துக்கொண்டே போகிறார்கள்: கழுத்து தடிக்கிறது, முன்கை பருக்கிறது, வயிற்றில் எத்தனை தசைக்கட்டிகள் என்று எண்ண முடியாதபடி கோடுகள் பெருகுகின்றன. பெண் உடலில் மார்பையும் இடுப்பையும் தவிர மற்றெல்லாவற்றையும் குறைத்துக்கொண்டே போகிறார்கள்.

இதை எண்களில் காட்ட முடியுமா?

முடியும், அதுவும் நிறுவனத்தின் சொந்த எண்களைக் கொண்டே. மார்வெல் 1983 முதல் தன் கதாபாத்திரங்களின் உயரம், எடை, ஆற்றல் ஆகியவற்றைத் தொகுத்து அதிகாரப்பூர்வக் கையேடுகளை வெளியிட்டு வருகிறது. அவற்றில் எக்ஸ்-மென் குழுவின் ஸ்டார்ம் ஐந்தடி பதினோரு அங்குல உயரமும் 127 பவுண்டு எடையும் உள்ளவள். ஏறத்தாழ 180 செ.மீ. உயரத்துக்கு 57.6 கிலோ என்றால் அவளுடைய உடல் நிறை குறியீடு 18-க்கும் கீழே, மருத்துவர்கள் எடைக்குறைவு என்று சொல்லும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஆறடி இரண்டு அங்குலமும் 240 பவுண்டும் கொண்ட கேப்டன் அமெரிக்காவின் குறியீடு 30-ஐத் தாண்டுகிறது. அது முழுக்கத் தசை என்பதால் அந்த வீரனை யாரும் பருமனானவன் என்று சொல்லப்போவதில்லை. புயலையே ஆட்டிவைக்கும், கைகலப்பிலும் தேர்ந்தவள் என்று கதை சொல்லும் பெண்ணுக்கு அந்த எடையில் எலும்பும் தோலும் போக மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று கையேட்டைத் தயாரித்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்த வழக்கம் எப்போது தொடங்கியது?

தொடக்கத்திலேயே. ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் உருவாக்கி 1938இல் அறிமுகமான சூப்பர்மேனின் உடை, அக்காலத்து சர்க்கஸ் பயில்வான்களின் இறுக்கமான உடையையும் அதன்மேல் அணியும் குட்டைக் காற்சட்டையையும் பார்த்து வரையப்பட்டது. வலிமையைக் காசு வாங்கிக்கொண்டு காட்டும் மனிதர்களின் உடை அது. ஆண் சூப்பர்ஹீரோவின் தோற்றத்துக்கு இப்படி ஒரு தொழில்சார்ந்த மூலம் இருந்தது.

1941 இறுதியில் அறிமுகமான வொண்டர் வுமனை உருவாக்கிய உளவியலாளர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன், சூப்பர்மேனின் வலிமையும் நல்ல, அழகான பெண்ணின் கவர்ச்சியும் ஒருங்கே கொண்டவளாக அவளைக் கருதினார். சூப்பர்மேனிடம் வலிமையை மட்டும் கேட்டார்கள். அவளிடம் வலிமையோடு அழகையும் சேர்த்துக் கேட்டார்கள். இந்த இரட்டைச் சுமை பிறகு வந்த நாயகிகள் அனைவர் தலையிலும் ஏறியது. எனினும் முதல் ஓவியர் ஹாரி ஜி. பீட்டர் வரைந்த வொண்டர் வுமன், பின்னாளில் வந்தவர்கள் வரைந்ததைவிடத் திடமான உடல் கொண்டவள். தோளும் முன்கையும் உழைத்தவளுடையவை போலவே இருக்கும். நட்சத்திரங்கள் பதித்த பாவாடையோடு வந்தவளுக்கு விரைவிலேயே இறுக்கமான குட்டைக் காற்சட்டை வந்தது. அடுத்த பல பத்தாண்டுகளில் அது மேலும் மேலும் சுருங்கி, 1990களின் நடுவில் மைக் டியோடாட்டோ வரைந்த இதழ்களில் நீச்சலுடை என்றுகூடச் சொல்ல முடியாத அளவுக்கு வந்து நின்றது.

வொண்டர் வுமனுக்குச் சில மாதங்கள் முன்பே, 1941 ஏப்ரலில், டார்பே மில்ஸ் என்ற பெண் ஓவியர் மிஸ் ஃப்யூரி என்ற முகமூடி நாயகியைச் செய்தித்தாள் சித்திரத்தொடரில் கொண்டுவந்தார் என்பதையும் குறிப்பிட வேண்டும். பெண் என்று வாசகருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே அவர் தன் பெயரின் முதற்பகுதியை விட்டுவிட்டுக் கையொப்பமிட்டார்.

இதைத் தடுக்க விதிகள் எதுவும் இருக்கவில்லையா?

இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சூப்பர்ஹீரோ கதைகளுக்கு மவுசு குறைந்தபோது, சில பதிப்பகங்கள் விற்பனைக்காகப் பெண் உடலையே நம்பின. மேட் பேக்கர் வரைந்த ஃபேண்டம் லேடியின் 1948ஆம் ஆண்டு அட்டை ஒன்றில் நாயகி கயிற்றால் கட்டப்பட்டு, மார்பு முன்தள்ள நிற்கிறாள். காமிக்ஸ் சிறுவர்களைக் கெடுக்கிறது என்று வாதாடிய மனநல மருத்துவர் ஃபிரெடரிக் வெர்த்தாம் 1954இல் எழுதிய நூலில் அதே அட்டையைச் சான்றாக அச்சிட்டார். அவ்வாண்டு பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே வகுத்துக்கொண்ட காமிக்ஸ் நெறிமுறை, பெண்களின் உடற்கூறுகள் எதையும் மிகைப்படுத்தாமல் இயல்பாக வரைய வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னது. ஆண்களின் உடல் பற்றி அப்படி ஒரு விதி இல்லை.

நெறிமுறை முத்திரையிட்ட இதழ்களில் பெண்கள் அடக்கமாக உடுத்தினார்கள். கூடவே அவர்களுக்குச் செய்வதற்கும் அதிகம் இல்லாமல் போயிற்று. 1961இல் தொடங்கிய ஃபென்டாஸ்டிக் ஃபோரில் சூ ஸ்டார்ம் ஆரம்பக் காலத்தில் பெரும்பாலும் மறைந்துகொள்கிறாள், பயப்படுகிறாள், பிறகு காப்பாற்றப்படுகிறாள். மூடிய உடை மட்டுமே ஒரு நாயகியை முழு மனுஷியாக்கிவிடாது என்பதற்கு அந்த இதழ்கள் போதும். நெறிமுறையின் பிடி எழுபதுகளிலிருந்தே தளர்ந்து, 2001இல் மார்வெலும் 2011இல் டிசியும் அதைக் கைவிட்டன.

ஃபென்டாஸ்டிக் ஃபோரைச் சொன்னதால் கேட்கிறேன்: ஆற்றல்களிலேயே இந்த வேறுபாடு இல்லையா?

இருக்கிறது. எனக்கு உடை பற்றிய சர்ச்சைகளைவிட இதுதான் சுவையானதாகப் படுகிறது. அந்த நால்வரில் ஓர் ஆணின் உடல் ரப்பர் போல நீள்கிறது, இன்னொருவன் உடல் தீப்பற்றி எரிகிறது, மூன்றாமவன் பாறையாகிவிடுகிறான். ஒரே பெண்ணின் உடல் மட்டும் எந்த உருமாற்றமும் அடையாமல் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஆண்களின் உடலை உருக்குலைக்க அத்தொடரின் ஓவியர் ஜாக் கிர்பிக்கு இருந்த துணிச்சல் அங்கே பெண் உடலுக்கு நீளவில்லை.

1962இல் வந்த ஹல்க்கையும் 1980இல் வந்த ஷீ-ஹல்க்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். ஹல்க் உருமாறும்போது நெற்றி தாழ்ந்து, தாடை பெருத்து, கழுத்தே இல்லாமல், கிழிந்த காற்சட்டையோடு ஒரு பூதமாகிறான். அவனுடைய இரத்தத்தைப் பெற்று உருமாறும் ஜெனிஃபர் வால்டர்ஸ் ஆறடி ஏழு அங்குலமும் 650 பவுண்டும் ஆகிறாள் என்று மார்வெலின் அதிகாரப்பூர்வக் கையேடு சொல்கிறது. ஆனால் பெரும்பாலான ஓவியர்கள் வரைந்த பக்கங்களில் அவள் உயரமான, பச்சை நிறமான, சிகை கலையாத அழகி. சீற்றம் ஆணை விகாரமாக்கும், பெண்ணை மெருகேற்றும் என்பது அந்த இரு கதாபாத்திரங்களுக்கும் பொதுவான உயிரியலில் எங்கும் சொல்லப்படாத விதி.

விதிவிலக்குகளும் உண்டு. அதே கிர்பி 1971இல் உருவாக்கிய பிக் பார்டா, தன் கணவனைவிட உயரமும் அகலமும் கொண்டவள். உடல் முழுவதும் கவசம் அணிந்தவள். அவளைப் பார்த்தால் சண்டைக்குப் போக யாரும் யோசிப்பார்கள். 1986இல் வந்த அமாண்டா வாலர் பருத்த உடலும் நடுத்தர வயதும் கொண்ட அரசு அதிகாரி; ஆற்றல் எதுவும் இல்லாமலேயே பேட்மேனை முறைத்துப் பார்க்கக்கூடியவள். 2011இல் டிசி தன் இதழ்களை எல்லாம் முதலிலிருந்து தொடங்கியபோது அவளையும் ஒல்லியான இளம்பெண்ணாக்கியது. அவளுடைய அதிகாரத்தில் பாதி அந்த உடற்கட்டிலிருந்தே வந்தது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

‘உடைந்த முதுகு’ என்று விமர்சகர்கள் சொல்லும் போஸ் எது?

மார்பையும் பின்புறத்தையும் ஒரே நேரத்தில் வாசகரை நோக்கித் திருப்பி வைப்பதற்காக முதுகெலும்பை எலும்பே இல்லாததுபோல முறுக்கி வரையும் நிலை அது. இடுப்பு ஒரு திசையில், மார்பு நேரெதிர்த் திசையில், முகம் தோளுக்கு மேலாகத் திரும்பி நம்மைப் பார்க்கும். சண்டைக்கு நடுவில் நிற்பவள் எதிரியைப் பார்க்காமல் ஏன் நம்மைப் பார்க்கிறாள் என்று கேட்டால் படம் கலைந்துவிடும். 2012இல் வெளியான அவெஞ்சர்ஸ் திரைப்படத்தின் சுவரொட்டி ஒன்றில்கூட, ஆண்கள் முன்பக்கம் காட்டி நிற்க, பிளாக் விடோ மட்டும் முதுகைக் காட்டித் திரும்பிப் பார்த்தாள். அவ்வாண்டின் இறுதியில் ரசிகர்கள், நாயகிகளின் இத்தகைய போஸ்களில் ஹாக்ஐ என்ற ஆண் வில்லாளியை வரைந்து வெளியிடத் தொடங்கினார்கள். அதே வளைவு, அதே இடுப்பு, அதே ஒயிலான விரல்கள். ஆள் மட்டும் மாறியதும் படம் நகைச்சுவையாகிவிட்டது.

2014இல் மார்வெல் வெளியிட்ட ஸ்பைடர்-வுமன் முதல் இதழின் மாற்று அட்டை (வழக்கமான அட்டையோடு கூடுதலாக வெளியிடப்படுவது) இதில் அதிகம் பேசப்பட்டது. வரைந்தவர் சிற்றின்பக் காமிக்ஸுக்குப் பெயர்பெற்ற இத்தாலிய ஓவியர் மிலோ மனாரா. நாயகி ஒரு கட்டடத்தின் உச்சி விளிம்பில் ஏறுகிறாள். தலை தாழ்ந்தும் பின்புறம் உயர்ந்தும் இருக்கின்றன. சிவப்பு உடை துணியாகத் தெரியாமல் தோலில் பூசிய சாயமாகத் தெரிகிறது. ஸ்பைடர்-மேனும் இப்படித்தானே ஊர்ந்து செல்கிறான் என்று அட்டையை ஆதரித்தவர்கள் கேட்டார்கள். ஸ்பைடர்-மேன் குனிந்து பதுங்கும் படங்களில் முழங்கால்கள் சிலந்தியின் கால்களைப் போல இருபுறமும் விரிந்து, உடலின் எடை முழுவதும் பாய்வதற்குத் தயாராக இருக்கும். டாட் மெக்ஃபார்லேன் 1988 முதல் வரைந்த முறுக்கல்களில் அவன் பாதி மனிதன், பாதி பூச்சி. மனாராவின் படத்தில் அவள் எங்கும் பாயப்போவதில்லை. கேட்டதைக் கொடுத்தார் மனாரா. அவரிடம் இந்தப் படத்தைக் கேட்டது பதிப்பகம் என்பதால் குறையை அங்கேதான் தேட வேண்டும்.

உடை விஷயத்தில் ஒரே உடை ஆணுக்கும் பெண்ணுக்கும் வரையப்பட்ட சான்று உண்டா?

மிகப் பொருத்தமான சான்று 1977இல் வந்த மிஸ் மார்வெல். அவளுடைய உடை, கேப்டன் மார்வெல் என்ற ஆண் நாயகனின் சிவப்பு-நீல உடையின் மறுபதிப்பு. அவனுக்குக் கழுத்திலிருந்து கால்வரை மூடியிருந்த அதே உடையில் அவளுக்கு வயிறும் முதுகும் கால்களும் வெட்டி எடுக்கப்பட்டு, ஈடாக ஒரு கழுத்துத்துணி தரப்பட்டது. பெண்ணுரிமைக் காலத்தின் நாயகி என்று விளம்பரப்படுத்தப்பட்ட இதழில் இது நடந்தது. 1978இல் அந்த உடை போய், மின்னல் சின்னம் பதித்த கறுப்பு நீச்சலுடையும் நீண்ட காலணியும் வந்தன. 2012இல் அவளே கேப்டன் மார்வெல் என்ற பெயரை ஏற்றபோதுதான், ஜேமி மெக்கெல்வி வடிவமைத்த விமானி உடை அவளுக்குக் கிடைத்தது. அவள் முன்னாள் விமானப்படை அதிகாரி என்பது 35 ஆண்டுகளாகக் கதையில் இருந்த செய்திதான். அது உடைக்கு வந்து சேர அவ்வளவு காலம் ஆயிற்று.

1976இல் அறிமுகமான பவர் கேர்லின் மார்பில் இருக்கும் துளை தனிக் கதை. சூப்பர்மேனின் மார்பில் ‘எஸ்’ இருக்கும் இடத்தில் அவளுக்கு வெறும் துளைதான் உண்டு. தனக்கேற்ற சின்னம் தோன்றவில்லை, தோன்றும்போது அடைத்துக்கொள்ளலாம் என்றே விட்டுவைத்தேன் என்று 2005இல் வந்த ஒரு கதையில் அவள் சூப்பர்மேனிடம் வருத்தத்தோடு சொல்கிறாள். உருக்கமாக எழுதப்பட்ட பக்கம் அது. ஆனாலும் ஓவியர் ஒருவர் முதலில் துளையிட்டார், எழுத்தாளர் ஒருவர் பல ஆண்டுகள் கழித்து அதற்குக் காரணம் கண்டுபிடித்தார் என்ற வரிசை மாறுவதில்லை.

ஆண்களும் மேனி தெரிய வருவதுண்டு: நேமோர் குட்டைக் காற்சட்டையோடு மட்டும் உலவுகிறான். அதை யாரும் அழைப்பாக வரைவதில்லை. கடலரசனின் செருக்காகவே வரைகிறார்கள்.

முகங்களில் என்ன வேறுபாடு?

பென்சில் படத்தின் மேல் மையிடும் கலைஞர் ஆணின் முகத்தில் எவ்வளவு கோடு வேண்டுமானாலும் இழுக்கலாம்: நெற்றிச் சுருக்கம், கன்னக்குழி, தாடையின் நிழல், பழைய தழும்பு. பெண்ணின் முகத்தில் ஒரு கோடு கூடினாலும் வயது கூடிவிடும் என்று அஞ்சி, மூக்கைக்கூட இரண்டு புள்ளிகளாகச் சுருக்கிவிடுகிறார்கள். விளைவாக, முடியின் நிறத்தையும் உடையையும் நீக்கிவிட்டால் ஒரே இதழின் மூன்று நாயகிகளை வேறுபடுத்திச் சொல்வது கடினமாகிவிடுகிறது. ஆண்களிடமும் இந்தக் குறை கொஞ்சம் உண்டு. முகமூடி இல்லாத புரூஸ் வெய்னையும் கண்ணாடி இல்லாத கிளார்க் கென்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. ஆனால் ஆண் கத்தும்போது முகம் கோணலாம், பல் தெரியலாம், எச்சில் தெறிக்கலாம். பெண் கத்தும்போதும் உதடு அழகாகவே திறக்கும்.

1990களை ஏன் எல்லோரும் தனியாகக் குறிப்பிடுகிறார்கள்?

1980கள் முதல் காமிக்ஸ் பெட்டிக்கடைகளிலிருந்து விலகி, காமிக்ஸுக்கென்றே நடத்தப்படும் கடைகளுக்குப் போனது. சிறுமிகளும் இளம்பெண்களும் தற்செயலாக ஓர் இதழைக் கையில் எடுக்கும் வாய்ப்பு அதனால் அருகியது. மார்வெலின் நட்சத்திர ஓவியர்கள் வெளியேறி 1992இல் இமேஜ் காமிக்ஸைத் தொடங்கியபோது, எழுத்தாளரைவிட ஓவியரின் பெயருக்காகவே இதழ்கள் விற்றன. ஆண்களின் தொடைகள் இடையைவிடப் பருத்தன. பெண்களின் இடை கழுத்தளவுக்கு வந்தது. பாதங்கள் புகைக்குள் மறைந்தன. 1995இல் வந்த விட்ச்பிளேடில் நாயகியை மூடும் மாயக்கவசம், அவள் ஆடையைக் கிழித்துவிட்டு, காக்க வேண்டிய இடங்களைத் தவிர மற்ற இடங்களைச் சுற்றிப் படர்ந்தது. ஓவியர்கள் தங்கள் மூலப்பக்கங்களைச் சேகரிப்பாளர்களுக்கு விற்பதும் இதற்கு ஒரு காரணம். நாயகி முழுப்பக்கத்துக்கு நிற்கும் தாளுக்குக் கிடைக்கும் விலை, இருவர் உட்கார்ந்து பேசும் ஒன்பது கட்டத் தாளுக்குக் கிடைப்பதில்லை.

அப்படியென்றால் பொறுப்பு ஓவியருடையதா?

அவருடையது மட்டுமல்ல. 2005இல் ஃபிராங்க் மில்லர் எழுதி ஜிம் லீ வரைந்த ஒரு பேட்மேன் இதழில், பத்திரிகையாளர் விக்கி வேல் உள்ளாடையோடு நடமாடும் பக்கங்கள் பேசுபொருளாயின. அந்த இதழின் சிறப்புப் பதிப்பில் மூல எழுத்துவடிவமும் அச்சிடப்பட்டபோது, எந்தக் கோணத்தில் அவளைக் காட்ட வேண்டும் என்பதை எழுத்தாளரே விலாவாரியாக எழுதிக் கொடுத்திருந்தது தெரிந்தது. மறுபுறம், ஓவியர் ஒருவரே நிலைமையை மாற்றியதும் உண்டு. சூப்பர்கேர்ல் பறக்கும்போது குட்டைப் பாவாடைக்கு அடியில் என்ன தெரியும் என்ற சங்கடத்தை, 2009இல் அத்தொடரை வரைந்துகொண்டிருந்த ஜமால் இகிள் உள்ளே ஒரு காற்சட்டையை வரைந்து முடித்துவைத்தார்.

பெண்கள் வரைந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுமா?

தானாகத் தீராது. வொண்டர் வுமன் காமிக் புத்தகத்தை வரைந்த முதல் பெண்ணான டிரினா ராபின்ஸ், காமிக்ஸில் பெண்கள் நடத்தப்படும் விதத்தைக் கடுமையாக விமர்சித்தவர். 1969இல் வாம்பிரெல்லா என்ற இரத்தக்காட்டேரி நாயகியின் சொற்ப உடையை வடிவமைத்தவரும் அவரே. அமாண்டா கானர் 2009 முதல் வரைந்த பவர் கேர்ல் தொடரில் அந்தத் துளையும் இருக்கிறது, மார்பும் பெரிதாகவே இருக்கிறது. ஆனால் அவர் வரைந்த முகம் எரிச்சல்படுகிறது, சிரிப்பை அடக்குகிறது, மார்பையே பார்த்துப் பேசுபவனை வெறுப்போடு நோக்குகிறது. உடல் குத்துவிட்டால் எடை தெரிகிறது. கவர்ச்சி இருப்பதே குற்றம் என்ற வாதத்துக்கு இந்தத் தொடரை விடச் சிறந்த மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

2014இல் பாப்ஸ் டார் வரையத் தொடங்கிய பேட்கேர்ல் இன்னொரு வகை. தோல் மேலங்கி, கழற்றக்கூடிய மேற்போர்வை, தட்டையான தடித்த காலணி என்று, கையில் அதிகம் காசில்லாத மாணவி கடையில் வாங்கித் தானே தைத்துக்கொள்ளக்கூடிய உடை அது.

ஆணை ஆசைக்குரியவனாக வரைந்தால் எப்படி இருப்பான்?

தசை மலையாக இருக்க மாட்டான். பெண் வாசகர்களுக்காகப் பெண்களே வரையும் மாங்கா என்ற ஜப்பானியக் காமிக்ஸில், எடுத்துக்காட்டாகக் கிளாம்ப் குழுவினரின் படைப்புகளில், ஆண்கள் ஒல்லியாக, நீண்ட விரல்களும் ஈரம் ததும்பும் கண்களுமாக இருக்கிறார்கள். அமெரிக்கக் காமிக்ஸில் இதற்கு ஓரளவு நெருங்கிவருபவன், பேட்மேனின் முன்னாள் துணைவனான நைட்விங். கழைக்கூத்தாடியின் இலேசான உடலும் பின்புறமும் ரசிகைகளிடையே அவனுக்குப் பெயர் வாங்கித்தந்தன. அவனையே நாயகனாகக் கொண்டு 2014இல் வந்த கிரேசன் தொடர் அதைக் கதைக்குள்ளேயே கேலியாகக் கொண்டுவந்தது. கேப்டன் அமெரிக்காவின் உடலும் நாயகிகளின் உடலும் ஒரே வகைக் கவர்ச்சிதான் என்று சொல்பவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம்.

அண்மைக் காலத்தில் நிலைமை மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது, ஆனால் நேர்கோட்டில் அல்ல. 2014இல் வந்த கமலா கான் என்ற புதிய மிஸ் மார்வெல், முழு உடலையும் மூடும் புர்கினி நீச்சலுடையைத் திருத்தித் தன் உடையைச் செய்துகொள்ளும் பள்ளி மாணவி. அவளுடைய ஆற்றலே உடலை நீட்டுவதும் கோணலாகப் பெருக்குவதும்தான். ஃபென்டாஸ்டிக் ஃபோர் காலத்தில் ஆணுக்கு மட்டும் கொடுக்கப்பட்ட அந்தச் சுதந்திரத்தை ஓவியர் ஏட்ரியன் அல்ஃபோனா ஆசைதீர வரைந்திருக்கிறார். சர்ச்சைக்குள்ளான ஸ்பைடர்-வுமனுக்கும் 2015இல் கிரிஸ் ஆங்கா மேலங்கியும் காற்சட்டையும் வடிவமைத்தார். 2016இல் வேலியன்ட் பதிப்பகம் வெளியிட்ட ஃபெய்த் தொடரின் நாயகி பருமனானவள். அவளுடைய எடையைப் பற்றிக் கதை அலட்டிக்கொள்வதே இல்லை.

அதே 2016 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவை, பெண்கள் மற்றும் சிறுமிகளின் முன்னேற்றத்துக்கான கௌரவத் தூதராக வொண்டர் வுமனை அறிவித்தது. விழா நடக்கும்போதே அவையின் ஊழியர்கள் சிலர் முதுகைத் திருப்பிக்கொண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள்; மனுவில் பல்லாயிரம் பேர் கையொப்பமிட்டார்கள்; இரண்டு மாதங்களுக்குள் அந்தப் பொறுப்பு முடித்துவைக்கப்பட்டது. அவள் எழுபத்தைந்து ஆண்டுகளில் செய்த செயல்கள் எதுவும் அந்த மனுவை எழுதியவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அவற்றையெல்லாம் தாண்டி முதலில் கண்ணில் பட்டது உடலும் உடையும்தான்.

தமிழில் வந்த காமிக்ஸில் இந்த வேறுபாடு தெரிகிறதா?

குறைவாகத் தெரிகிறது, காரணம், நம்மிடம் வந்தவை வேறு மரபு. 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, பிரிட்டிஷ் சிறுவர் வார இதழ்களின் வார்ப்பு. நாயகன் சாதாரணச் சட்டையும் காற்சட்டையுமே அணிகிறான், கதையில் பெண்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1984இல் லயன் காமிக்ஸ் தன் முதல் இதழையே மாடஸ்டி பிளைசி என்ற நாயகியை வைத்துத் தொடங்கியது. அவள் கவர்ச்சியாகவே வரையப்பட்டவள் என்றாலும், சூப்பர்ஹீரோ உடை அணியாதவள். அவள் அடித்தால் எதிரி விழுவது உடலியலின்படி நம்பும்படியாக இருக்கும்.

வரையப் பழகுபவர்கள் நடைமுறையில் எதைக் கவனிக்கலாம்?

முதலில் உருவத்தை நிழலுருவாகக் கறுப்பில் நிரப்பிப் பாருங்கள். உடையும் முகமும் மறைந்த பிறகும் அவள் ஓடுகிறாளா, குத்துகிறாளா, குறிபார்க்கிறாளா என்பது தெரிய வேண்டும். அடுத்து, உடலின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று பாருங்கள். குதியுயர்ந்த காலணியில் நின்றுகொண்டு எட்டி உதைப்பவள் அடுத்த கணம் எங்கே விழுவாள் என்பதும் அப்போது தெரிந்துவிடும். துணி மார்பின் மேல் எப்படி நிற்கும் என்பதை ஓட்டப்பந்தய வீராங்கனைகளின் படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்; இரு மார்பகங்களையும் தனித்தனியாக உறையிட்டாற்போல் ஒட்டிக்கொள்ளும் துணி உலகில் எங்கும் நெய்யப்படவில்லை. பளுதூக்குபவர், நீச்சல் வீராங்கனை, நெடுந்தூர ஓட்டக்காரி, மல்யுத்த வீராங்கனை ஆகியோரின் உடற்கட்டுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடுகின்றன என்பதைப் பார்த்தால், ஒரே அச்சில் வார்த்த நாயகிகளை வரைய வேண்டிய தேவை இருக்காது.

ஆணை அதே போஸில் வரைந்து சோதிப்பதும் உதவும், ஆனால் அதையே முடிவாகக் கொள்ளக் கூடாது. கேட்வுமன் மயக்குவதையும் ஆயுதமாகக் கொண்டவள். அவள் இடுப்பை ஒடித்து நிற்பது கதாபாத்திரத்துக்குப் பொருந்தும். அதே நிற்பை, விமானப்படையில் பணியாற்றிய கேப்டன் மார்வெலுக்கும் பதினாறு வயதுப் பள்ளி மாணவிக்கும் கொடுத்தால், ஓவியர் கதையைப் படிக்கவில்லை என்றுதான் வாசகர் நினைப்பார்.